‘இந்த ஈரல் வேண்டாம்’ என்று சொல்வது யார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “எம்.எஸ். முடிக்கப்போகிறேன். கல்லீரல் மாற்று அறுவைப் பக்கம் போகலாமா என்று யோசனை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒருபக்கம் கல்லீரல் கிடைக்காமல் நோயாளிகள் சாகிறார்கள். இன்னொரு பக்கம் தானமாக வந்த கல்லீரலையே டாக்டர்கள் வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள். இது என்ன நியாயம்? ஒதுக்குவதைக் குறைக்க வழியே இல்லையா?”

தம்பி, போகலாமா என்பதும், ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று நினைக்கிறீர்கள். என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இந்தத் துறையில் வெட்டுவதையும் தைப்பதையும் ஐந்தாறு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த ஈரலை எடுப்பது, எதை விடுவது என்பதைத்தான் ஓய்வு பெறும் நாள் வரை கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

நான் கத்தி பிடித்தவன் அல்ல. மாற்று அறுவைக் குழுவில் மயக்க மருந்துப் பக்கம் பல வருடம் நின்றவன். நோயாளியின் தலைமாட்டில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. சர்ஜன் கை என்ன செய்கிறது என்பதோடு, செய்யலாமா வேண்டாமா என்று அவர் முகம் படும் பாட்டையும் பார்க்கலாம்.

கறிக்கடையில் ஈரல் வாங்கியிருப்பீர்கள். நல்ல ஈரல் கரும்பழுப்பாக, பளபளப்பாக இருக்கும். ஓரம் கத்தி மாதிரி மெலிந்திருக்கும். மனுஷ ஈரலும் அப்படித்தான். மூளைச்சாவு அடைந்த கொடையாளரின் வயிற்றைத் திறந்ததும், உறுப்பெடுக்கப் போன சர்ஜன் முதலில் செய்வது வலது விலாவுக்குக் கீழே கையை விட்டு அந்த ஓரத்தைத் தடவிப் பார்ப்பதுதான். ஓரம் கூர்மையாக இருந்தால் முகம் தெளியும். மழுங்கி உருண்டிருந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று பொருள். அப்புறம் நிறம். மஞ்சள் தட்டினால் கொழுப்பு. சொரசொரப்பாக, கல் போல இருந்தால் தழும்பு. கட்டைவிரலால் லேசாக அழுத்தி எடுப்பார். பள்ளம் அப்படியே நின்றால் அதுவும் நல்ல அறிகுறி இல்லை.

இது நடப்பது பெரும்பாலும் இரவு இரண்டு மூன்று மணிக்கு, நமக்குப் பழக்கமில்லாத ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரித் தியேட்டரில். போனவர் குழுவிலேயே இளையவராக இருப்பார். போனில் படம் எடுத்து மூத்தவருக்கு அனுப்புவார். அந்தத் தியேட்டர் விளக்கு எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டும். மூத்தவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, “ஓரம் எப்படி இருக்கு? எவ்வளவு கொழுப்பு சொல்வே? முப்பதா, அறுபதா?” என்று கேட்பார். சிறு துணுக்கை வெட்டிப் பையாப்சி எடுத்து, உறையவைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் அதைப் பார்த்துச் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் அந்த ஊரில் விழித்திருக்க வேண்டுமே.

முப்பது, அறுபது என்றது விழுக்காட்டை. கல்லீரல் செல்களில் பெரிய கொழுப்புத் துளிகள் 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 60-ஐத் தாண்டினால் பெரும்பாலானோர் தொடமாட்டார்கள். வைத்துத் தைத்த பிறகு அந்த ஈரல் வேலையே தொடங்காமல் போகலாம். சிறுநீரகம் என்றால் டயாலிசிஸில் நாளைத் தள்ளலாம். கல்லீரலுக்கு அப்படி நம்பி நிறுத்திவைக்கும் இயந்திரம் இன்றுவரை இல்லை. வைத்தது வேலை செய்யவில்லை என்றால் சில நாட்களில் இன்னொன்று கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் போய்விடுவார். சங்கடமே 30-க்கும் 60-க்கும் நடுவில் வரும் ஈரலில்தான்.

ஒருமுறை நானும் ஒரு குழுவோடு போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். பக்கவாதத்தில் மூளைச்சாவு அடைந்த ஐம்பது சொச்சம் வயதுக்காரர். ஈரல் பார்க்க நடுத்தரம். இளைய சர்ஜன் எடுக்கலாம் என்றார். போனில் இருந்தவர் வேண்டாம் என்றார். சிறுநீரகங்களை எடுத்துக்கொண்டு திரும்பினோம். வண்டியில் அந்த இளைஞர் வழியெல்லாம் தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார், அந்த ஓரம் இன்னும் விரல்நுனியில் இருப்பது போல. வேண்டாம் என்றது சரியா தவறா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. எடுத்து வைத்த ஈரல் எப்படிப் போனது என்பதைக் கணக்கிடலாம். வைக்காத ஈரலுக்கு ஏது கணக்கு?

உங்கள் ‘என்ன நியாயம்’ என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சுமாரான ஈரலை வைத்து நோயாளி இறந்தால் அது சர்ஜன் பெயரில் எழுதப்படும். வேண்டாம் என்று விட்டு, காத்திருந்தவர் மூன்று வாரம் கழித்து வார்டில் ரத்தவாந்தி எடுத்து இறந்தால், அது நோயின் பெயரில் எழுதப்படும். அமெரிக்காவில் ஒவ்வொரு மையத்திலும் ஒரு வருடம் உயிரோடிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பொதுவில் வெளியிடுகிறார்கள். எதிர்பார்ப்புக்குக் கீழே போனால் விசாரணை. நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடுதான். ஆனால் ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அட்டவணையை நினைக்கும் சர்ஜன் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே டாக்டர்கள் ஈவிரக்கமற்றவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வேண்டும்’ என்று சொல்பவருக்கு விலை இருக்கிறது, ‘வேண்டாம்’ என்று சொல்பவருக்கு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

இந்தத் துறை தொடங்கியதே ஒருவர் மிகப் பெரிய விலை கொடுத்ததில்தான். தாமஸ் ஸ்டார்ஸல், அயோவா மாநிலத்துக்காரர். 1963 மார்ச் 1 அன்று டென்வரில், பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட மூன்று வயதுக் குழந்தைக்கு உலகின் முதல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். நாய்களில் இருநூறு முறைக்கு மேல் செய்து பழகிய கை. ஆனால் நாய்க்கு நோய் கிடையாது. நோய்ப்பட்ட குழந்தையின் வயிற்றில் எங்கே தொட்டாலும் வீங்கிய சிரைகள். ரத்தம் உறையவே இல்லை. குழந்தை மேசையிலேயே இறந்தது. அடுத்த நோயாளிகளுக்கு ரத்தம் உறையவைக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். கசிவு நின்றது, ஆனால் உறைந்த கட்டிகள் நுரையீரலுக்குப் போய் அடைத்தன. அந்த வரிசையில் அதிகம் வாழ்ந்தவர் 23 நாள். பாஸ்டனிலும் பாரிஸிலும் முயன்றவர்களுக்கும் இதே கதிதான். அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றரை வருடம் உலகில் யாரும் தொடவில்லை.

1967-இல் மறுபடி தொடங்கினார். ஈரலில் புற்று வந்த ஒன்றரை வயதுப் பெண்குழந்தை ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்தது. அடுத்த வருடம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் ராய் கால்ன் தொடங்கினார். பத்து வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டு இடங்கள்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போயின. மூன்றில் ஒருவர்தான் ஒரு வருடத்தைத் தாண்டினார். கால்ன் 1970-களின் இறுதியில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய சைக்ளோஸ்போரினை, அதாவது வேற்று உறுப்பை உடம்பு தாக்காமல் அடக்கும் மருந்தை, 1980-இல் ஸ்டார்ஸல் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். மூன்றில் ஒருவர் என்றிருந்தது மூன்றில் இருவருக்கு மேல் என்றானது. 1983-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, இது இனி பரிசோதனை அல்ல, சிகிச்சை என்று அறிவித்தது.

ஸ்டார்ஸல் தன் நினைவுக் குறிப்புகளில் ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார்: தன்னை நம்பி உயிரை ஒப்படைத்தவர்களைக் கைவிட்டுவிடுவோமோ என்ற பயம் தொழில் வாழ்க்கை முழுக்க அவரை விடவில்லை. உலகிலேயே அதிகம் துணிந்தவர் என்று பெயரெடுத்தவர் சொன்னது இது. நீங்கள் துறையில் சேர்ந்த பிறகு பயம் வந்தால், நமக்கு இது ஒத்துவராது என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து பயமே இல்லாமல் மேசைக்கு வந்த சர்ஜன்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு. அவர்கள் தலைமாட்டில் நிற்க எனக்குத்தான் பயமாக இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். மூளைச்சாவு என்ற வரையறையே 1968-இல்தான் ஹார்வர்டில் எழுதப்பட்டது. அதற்கு முன் ஈரல் வந்ததெல்லாம் இதயம் நின்ற உடல்களிலிருந்து. இதயம் நின்றபின் தானம் என்று இன்று புதுமையாகப் பேசப்படுவது, தொடக்கத்தில் ஒரே வழியாக இருந்தது. வட்டம் சுற்றி அங்கேயே வந்திருக்கிறோம், கொஞ்சம் விவரத்தோடு.

1981-இல் ஸ்டார்ஸல் பிட்ஸ்பர்க் போனார். உலகம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அப்போது கொடையாளர் விதிகள் கறாராக இருந்தன: வயது ஐம்பதுக்குள், ஈரல் சேதம் காட்டும் என்சைம்கள் சரியாக இருக்க வேண்டும், ஐசியூவில் அதிக நாள் கிடந்திருக்கக் கூடாது. காத்திருப்போர் வரிசை நீள நீள, பிட்ஸ்பர்க்கில் இந்த விதிகளை மீற வேண்டியதாயிற்று. 1987-இல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், விதிப்படி மோசமான கொடையாளர்களிடமிருந்து வந்த ஈரல்கள் நல்லவற்றுக்குச் சமமாகவே வேலை செய்திருந்தன. அதாவது விதிகளில் பாதி, யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கைகள். நம் வீடுகளில் ஈரத்தலையோடு வெளியே போகாதே என்பது மாதிரி.

வயது விதி அப்படித்தான் உடைந்தது. இன்று ஸ்பெயினிலும் இத்தாலியிலும் எண்பது வயதைத் தாண்டியவர்களின் ஈரல்கள் சர்வ சாதாரணமாகப் பயன்படுகின்றன. கல்லீரலுக்கு வயதாவது மெதுவாக. இதயம், சிறுநீரகம் போல அல்ல. ஹெபடைடிஸ் சி விதி வேறு விதமாக உடைந்தது. அந்தக் கிருமி உள்ள ஈரலை முன்பு குப்பையில் போட்டார்கள், அல்லது ஏற்கனவே அதே நோய் உள்ளவருக்கு மட்டும் வைத்தார்கள். 2013-க்குப் பிறகு வந்த மாத்திரைகள் சில வார காலத்தில் கிட்டத்தட்ட எல்லோரையும் குணமாக்கிவிட, கிருமி இல்லாத நோயாளிக்கும் அந்த ஈரலை வைத்து, கூடவே மாத்திரையும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

சரி, ஐஸ் பெட்டிக்கு வருவோம். வெளியே எடுத்த ஈரலின் ரத்தத்தைக் கழுவிவிட்டு, குளிர்ந்த கரைசலில் நனைத்து, 4 டிகிரி அளவில் ஐஸில் வைக்கிறோம். அந்தக் குளிரில் செல்களின் இயக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். குறையுமே தவிர நிற்காது. உள்ளே சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கும். 1980-களின் நடுவரை ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் கெடு. அதனால்தான் மாற்று அறுவை என்றாலே ராத்திரி ஓட்டம், தனி விமானம், சைரன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்சர், ஜேம்ஸ் சவுதர்ட் என்ற இருவர் செய்த கரைசல் 1987-இல் நோயாளிகளுக்கு வந்தது. அதில் ஒரு சரக்கு ரஃபினோஸ் என்ற சர்க்கரை. மொச்சை சாப்பிட்டால் வயிற்றில் வாயு உண்டாக்குமே, அந்தச் சர்க்கரைதான். செல் வீங்காமல் பிடித்து வைக்கிறது. கெடு நாள் முழுவதற்கும் நீண்டது. பன்னிரண்டு மணிக்குள் முடிப்பது நல்லது என்றாலும், ஓட்டம் ஓரளவு நின்றது.

அந்த மிச்ச நேரம் இன்னொரு கதவைத் திறந்தது. ஈரலை ஐஸ் தட்டில் வைத்து, நிதானமாக அறுத்து வடிவமைக்கலாம். இதற்கு அடிப்படை போட்டவர் குவினோ என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டியாகத் தெரியும் ஈரல், உள்ளே ரத்தக்குழாய்க் கணக்கில் எட்டுத் துண்டுகள் என்று 1950-களில் காட்டினார். அப்படியென்றால் வரப்பு பார்த்து வெட்டலாம்.

குழந்தைகளுக்கு இது உயிர் விஷயம். பெரியவர் ஈரல் ஒன்றரைக் கிலோ. கைக்குழந்தை வயிற்றில் எங்கே வைப்பது? குழந்தைக் கொடையாளர்களோ அரிது. பாரிஸில் அன்ரி பிஸ்முத் 1984-இல் பெரியவர் ஈரலைச் சிறிதாக்கி வைத்தார். ஆனால் மீதியை வீசவேண்டியிருந்தது. ஒரு குழந்தையைப் பிழைக்கவைக்க, வரிசையில் நின்ற ஒரு பெரியவரின் பங்கு போயிற்று. 1988-இல் ஹானோவரில் ருடால்ஃப் பிஹ்ல்மையர் ஒரே ஈரலை இரண்டாக்கி, சிறு துண்டை ஒரு குழந்தைக்கும் பெரிய துண்டை ஒரு பெரியவருக்கும் வைத்தார்.

நான் மிகவும் மதிக்கிறவர் ஆஸ்திரேலியாவின் ரஸல் ஸ்ட்ராங். பல் மருத்துவம் படித்துவிட்டு அப்புறம் சர்ஜனானவர். 1985-இல் பிரிஸ்பேனில் அந்த நாட்டின் முதல் கல்லீரல் மாற்றை நடத்தினார். பரந்த நாடு, குறைந்த மக்கள்தொகை. குழந்தை அளவு ஈரலுக்குக் காத்திருந்தால் குழந்தை இருக்காது. அதனால் வெட்டிச் சிறிதாக்கும் முறையைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டார். மூளைச்சாவை அப்போது சட்டம் ஏற்காத ஜப்பானிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் அவரிடம் வந்தன. 1989 ஜூலையில் ஒரு ஜப்பானியத் தாயின் ஈரலில் இடது ஓரத் துண்டை எடுத்து அவள் மகனுக்கு வைத்தார். பையனுக்கு ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. உயிரோடிருக்கும் கொடையாளரிடமிருந்து எடுத்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அது. பிரேசிலில் சில்வானோ ராயா அதற்கு முந்தைய வருடமே முயன்றிருந்தார்; அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

குழந்தைக்குக் கொடுக்கும் துண்டு தாயின் ஈரலில் கால் பங்குதான். பெரியவருக்குக் கொடுக்க வலது பக்கம், பாதிக்கு மேல், வேண்டும். ஈரல் வளர்ந்துவிடும் என்பது உண்மை. சில வாரங்களிலேயே பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் நோயே இல்லாத ஒருவரை மேசையில் படுக்கவைக்கிறோம். வலது பக்கம் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் இறக்கக்கூடும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியதில்லை. கொடையாளருக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஊசியை இருமுறை பார்ப்பேன்.

இந்தியாவில் கல்லீரல் மாற்று வளர்ந்தது இந்த வழியில்தான். 1998-இல் டெல்லியில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று, காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, கொடுத்தவர் அப்பா. இன்று நாட்டில் வருடத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் நடக்கின்றன. பெரும்பாலானவற்றில் கொடையாளர் வீட்டு ஆள்தான், அதிலும் மனைவியோ தாயோதான் அதிகம். இதைத் தியாகம் என்று மேடையில் பேசுவது சுலபம். ஆலோசனை அறையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “சம்மதம்தாம்மா?” என்று கேட்கும்போது அந்தப் பெண் எங்கே பார்க்கிறாள் என்று கவனியுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஒரு டாக்டருக்கு நேரம் இருக்க வேண்டும். இறந்தவர் ஈரல்களை நன்றாகப் பயன்படுத்துவது பற்றி நான் இத்தனை பேசுவதற்கு இதுவும் காரணம்: அங்கே ஒன்று வீணானால், இங்கே ஒரு பெண் படுக்க வேண்டும்.

பிளந்து வைப்பதில் பெயர் பெற்ற இடங்களில் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி ஒன்று. அங்கே வளர்ந்தவர் நம் மயிலாடுதுறைப் பக்கத்து முகமது ரேலா. சென்னை ஸ்டான்லியில் படித்து, 1990-களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தார். 1997-இல் பிறந்து ஐந்தே நாளான பெண்குழந்தைக்கு ஈரல் மாற்றியதற்காகக் கின்னஸில் இடம்பெற்றார். பிற்பாடு சென்னைக்கே வந்துவிட்டார். கின்னஸை விட எனக்குப் பெரிதாகப் படுவது, கிங்ஸ் குழு துணை ஈரல் வைப்பதில் காட்டிய தேர்ச்சி. திடீரென்று ஈரல் செயலிழந்த குழந்தைக்குப் பழையதை முழுக்க எடுக்காமல், பக்கத்தில் ஒரு துண்டைத் துணைக்கு வைப்பது. சொந்த ஈரல் தேறியதும் எதிர்ப்பை அடக்கும் மருந்தை நிறுத்திவிட்டால் துணை ஈரல் தானாகச் சுருங்கிவிடும். ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டாம்.

இப்போது இயந்திரம். ஐஸில் கிடக்கும் ஈரல் வாய் திறக்காது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், தொட்டுப் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் கால்னிடம் பயின்ற பீட்டர் ஃப்ரெண்ட், ஆக்ஸ்ஃபோர்டில் பொறியாளர் கான்ஸ்டன்டின் கூசியோஸோடு சேர்ந்து வேறு வழி பார்த்தார். ஈரலைக் குளிரவைக்காமல், 37 டிகிரியில், ரத்தம் ஓடும் குழாய்களோடு இணைத்து, உடம்புக்குள் இருப்பதாகவே அதை நம்பவைப்பது. பல வருடம் பன்றி ஈரல்களில் பார்த்துவிட்டு 2008-இல் ஆர்கன்ஆக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். 2013-இல் கிங்ஸில் முதல் நோயாளி. 2025-இல் ஜப்பானின் டெருமோ அந்த நிறுவனத்தைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஈரலைச் சூடாக வைக்கும் பெட்டிக்கு இந்த விலை.

வெளிநாட்டில் ஒரு பயிற்சியின்போது இதை நேரில் பார்த்தேன். ஐஸிலிருந்து எடுத்த ஈரல் சாம்பல் பூத்த பழுப்பில், உயிரில்லாத பொருளாகக் கிடந்தது. குழாய்களை மாட்டி ஓடவிட்டதும், ஓரத்திலிருந்து சிவப்பு பரவியது. சில நிமிஷத்தில் முழுவதும் நிறம் ஏறிவிட்டது. சுற்றும் திரவத்தில் ரத்தச் சிவப்பணுக்கள், ஹெபரின், இன்சுலின், சத்து, பித்த உப்பு. கொஞ்ச நேரத்தில் ஒரு மெல்லிய குழாயில் பித்தம் சொட்டத் தொடங்கியது. கருமையும் பச்சையும் கலந்த சொட்டு. யாருடைய உடம்பிலும் இல்லாத ஈரல், தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைப் பார்க்கக்கூட இல்லை, லாக்டேட் (செல்கள் ஆக்சிஜன் போதாமல் தவிக்கும்போது சேரும் பொருள்) எவ்வளவு என்ற எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்ததுதான் சரி. ஈரல் உயிரோடிருந்தால் லாக்டேட்டைத் தின்று குறைக்கும். குறையவில்லை என்றால் நிறத்தை நம்பிப் பயனில்லை.

2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 220 மாற்றுச் சிகிச்சைகள். இயந்திரத்தில் வைத்தவற்றில் ஈரல் சேதம் காட்டும் என்சைம் பாதியாகக் குறைந்தது. ஒதுக்கப்பட்ட ஈரல்களும் பாதியாகக் குறைந்தன. வெளியே வைத்திருந்த நேரமோ பாதிக்கும் மேல் கூடுதல். ஆனால் நோயாளிகள் உயிரோடிருக்கும் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதனால் இயந்திரம் ஈரலைச் சிறந்ததாக்குகிறது என்று விற்பவர்களை நம்பாதீர்கள். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டே பதில் இருந்த இடத்தில், ‘பொறு, பார்க்கலாம்’ என்ற மூன்றாவது பதிலை அது கொடுத்தது. எனக்குத் தெரிந்து அதன் பெரிய லாபம் அதுதான்.

பர்மிங்காம் குழு இதை நேராகவே சோதித்தது. பிரிட்டனில் எல்லா மையங்களும் வேண்டாம் என்ற 31 ஈரல்களை எடுத்து இயந்திரத்தில் போட்டார்கள். நாலு மணி நேரத்துக்குள் லாக்டேட் குறைய வேண்டும். பித்தம், அமிலத்தன்மை, ரத்த ஓட்டம் போன்றவற்றில் சிலவும் தேற வேண்டும். 22 தேறின. தேறியவற்றை வைத்த 22 பேரும் மூன்று மாதம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். குப்பைக்குப் போக இருந்தவை! ஆனால் அந்த ஆய்வை இங்கேயே நிறுத்திப் பேசுபவர்களிடம் ஜாக்கிரதை. பிற்பாடு நாலு பேருக்குப் பித்தநாளங்கள் சுருங்கி, மறுபடி ஈரல் மாற்ற வேண்டிவந்தது. ஈரல் செல்லுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. பித்தநாளத்துக்கு ஒரே தமனிதான். அதனால் ரத்தம் நின்றால் முதலில் அடிபடுவது அதுதான்; அந்தச் சேதம் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். இதயம் நின்றபின் எடுத்த ஈரல்களில் இது அதிகம்.

அதற்கு நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு வேறு மருந்து கண்டது, அதுவும் எளிமையாக: சூடெல்லாம் வேண்டாம், குளிர்ந்த கரைசலிலேயே ஆக்சிஜனைக் கலந்து இரண்டு மணி நேரம் ஓடவிடு. 2021-இல் 156 பேரில் காட்டினார்கள்: பித்தநாளச் சுருக்கம் 18 விழுக்காட்டிலிருந்து 6-க்கு இறங்கியது. அதே வருடம் மே மாதம் ஜூரிக்கில், சந்தேகத்துக்குரிய கட்டியும் தொற்றும் இருந்ததால் எல்லோரும் கைவிட்ட ஒரு ஈரலை மூன்று நாள் இயந்திரத்திலேயே வைத்திருந்து, ஆண்டிபயாடிக் கொடுத்து, கட்டி புற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஒருவருக்கு வைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர் நலம். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது போய், ஈரலுக்கே தனியாக வார்டு போட்டாயிற்று.

நம் ஊரில்? இயந்திரம் சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் குழாய்த் தொகுதிக்கே லட்சக்கணக்கில் ஆகும் என்பதால் எல்லா ஈரலுக்கும் மாட்ட முடியாது. இப்போதைக்கு நமக்கு அதைவிட அவசரம், மூளைச்சாவு அடைந்தவரை ஐசியூவில் ஒழுங்காகப் பராமரிப்பது. ரத்த அழுத்தம் விழாமல், சோடியம் ஏறாமல் பார்த்துக்கொண்டாலே நடுத்தர ஈரல் பல நல்ல ஈரலாகக் கைக்கு வரும். இது சர்ஜன் வேலை இல்லை, எங்கள் வேலை. சுயபுராணமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டி வாங்கப் பணம் இருக்கும் இடத்தில், இரவில் சோடியம் பார்க்க ஆள் போட மனம் இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நீங்கள் போகலாமா? போகலாம். எம்.எஸ். முடித்து மூன்று வருடம் எம்.சிஎச். என்ற சிறப்பு அறுவைப் படிப்பு, அப்புறம் ஒன்றிரண்டு வருடம் ஏதாவது ஒரு பெரிய மையத்தில் ஃபெலோஷிப். அதற்குள் முப்பத்தைந்தை நெருங்கிவிடுவீர்கள். சொந்தக் கல்யாணத்தன்று போன் அடித்துப் போனவர்களை எனக்குத் தெரியும். தொடக்க வருடங்களில் உறுப்பெடுக்கப் போகும் வாய்ப்பு எதையும் தட்டிக்கழிக்காதீர்கள். விரலுக்கு ஈரல் ஓரத்தைக் கற்றுக்கொடுக்க வேறு பள்ளிக்கூடம் இல்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஈரல்களுக்கும் ஒரு நோட்டு வையுங்கள்: என்ன வயது, என்ன நிறம், ஏன் வேண்டாம் என்றேன். ஐந்து வருடம் கழித்து அதைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், ஈரல் வந்தாலும் வராவிட்டாலும், கொடையாளரின் வயிற்றை மூடும் வேலையை அவசரத்தில் யார் தலையிலாவது கட்டிவிட்டு வண்டி ஏறாதீர்கள். 2023-லிருந்து தமிழ்நாட்டில் அந்த உடலுக்கு அரசு மரியாதை உண்டு. ஊரே பார்க்க வரும். நான் சொன்ன அந்த இளைஞர் அன்று இரவு, போனை வைத்துவிட்டு, தோலுக்கு உள்ளே ஓடும் மெல்லிய தையலாகப் போட்டு, சுற்றிலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினார். வெளியே பெஞ்சில் கொடையாளரின் மகன் உட்கார்ந்திருந்தான். “எல்லாம் நல்லபடியா ஆச்சா சார்?” என்று கேட்டான். சிறுநீரகம் இரண்டு பேருக்குப் போகிறது என்று சொன்னோம். ஈரலைப் பற்றி அவன் கேட்கவில்லை.